மெல்பர்னில் எச்.பி.வி. பரிசோதனை: மாதிரியை நாமே எடுத்துக் கொடுக்கலாம்

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்காகச் செல்களை எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியர் என்றாலே பயந்து வருடக்கணக்கில் தள்ளிப்போடும் பெண்களுக்கு முதலில் ஒன்று: பிறப்புறுப்பை விரித்துப் பிடிக்கும் அந்த ஸ்பெக்குலம் கருவி இப்போது கட்டாயம் இல்லை. ஆஸ்திரேலியாவில் 25 முதல் 74 வயது வரை உள்ளவர்கள், 2022 ஜூலை 1 முதல், அந்தப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரஸைத் தேடும் டெஸ்டுக்கான மாதிரியைத் தாங்களே எடுத்துக் கொடுக்கலாம். எங்கள் பகுதி ஜி.பி. (குடும்ப டாக்டர்) கிளினிக்கில் நானும் அப்படித்தான் கொடுத்துவிட்டு வந்தேன்.

நர்ஸ் ஒரு பிளாஸ்டிக் குழாயைக் கொடுத்தார். உள்ளே காது குடையும் பஞ்சுக்குச்சியை இழுத்து நீட்டியதுபோல ஒரு ஸ்வாப். பிறப்புறுப்புக்குள் சில சென்டிமீட்டர் நுழைத்து, 10 முதல் 30 விநாடி மெதுவாகச் சுழற்றி, திரும்பக் குழாயில் போட்டு மூட வேண்டும். கருப்பைவாய் வரை எட்ட வேண்டியதில்லை. வைரஸ் இருந்தால் இந்த மாதிரியிலேயே பிசிஆர் என்ற ஆய்வகச் சோதனை கண்டுபிடித்துவிடும். டாக்டர் எடுக்கும் மாதிரிக்கு இது குறைந்ததில்லை என்றார் நர்ஸ். வலி சுத்தமாக இல்லை. சிரமம் கொடுத்தது கிளினிக்கின் பாத்ரூம்தான். குழாயை வைக்க ஒரு தட்டுகூட இல்லாமல், மூடியைப் பல்லில் கடிக்காத குறை! விளக்கத் தாளும் ஆங்கிலத்தில் மட்டும்தான் கொடுத்தார்கள்.

இது புற்றுநோயைத் தேடும் டெஸ்ட் இல்லை, அதற்குக் காரணமான வைரஸைத் தேடும் டெஸ்ட் என்று நர்ஸ் பொறுமையாகச் சொன்னது பிடித்திருந்தது. எச்.பி.வி. பெரும்பாலானவர்களுக்கு வந்து, ஒன்றிரண்டு வருடத்தில் தானாகவே போய்விடும். சிலருக்கு உடம்பிலேயே தங்கிவிடுகிறது. அப்படித் தங்கியது புற்றுநோயாக மாறப் பொதுவாகப் பத்து வருடத்துக்கு மேல் ஆகும். அதனால்தான் வைரஸ் இல்லை என்று வந்தால் அடுத்த டெஸ்ட் 5 வருடம் கழித்து. 2017 டிசம்பரில் பாப் ஸ்மியரை நிறுத்தி இதைக் கொண்டுவந்தபோது, இரண்டு வருட இடைவெளியை ஐந்தாக்கிக் காசு மிச்சம் பிடிக்கிறார்கள் என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. ஆனால் பாப் ஸ்மியர் செல்கள் மாறிய பிறகு பார்த்தது. இது அதற்கு ஒரு படி முன்னாலேயே பிடிக்கிறது.

எனக்கு வைரஸ் இல்லை என்று வந்தது. என்னோடு வந்த யாழ்ப்பாணத்து அக்காவுக்கு வந்த முடிவுதான் இந்தச் சேவையின் மறுபக்கத்தைக் காட்டியது. இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு “அந்தக் கட்டிலில ஏறிப் படுக்க என்னால ஏலாது” என்று எந்தச் சோதனைக்கும் போகாதவர் அவர். வெள்ளிக்கிழமை சாயங்காலம், முடிவைப் பற்றிப் பேசக் கிளினிக்கைக் கூப்பிடவும் என்று ஒரு எஸ்.எம்.எஸ். கூப்பிட்டால் ரிசப்ஷன் மூடியாயிற்று. சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவர் என்ன பாடுபட்டிருப்பார்! மதிப்பெண் குறைப்பதானால் நான் இதற்குத்தான் குறைப்பேன்.

அவருக்கு இருந்தது எச்.பி.வி.யின் 16, 18 எண் வகைகள் அல்ல, வேறொரு ஆபத்தான வகை. உலகில் கருப்பைவாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்கு 16, 18 இரண்டும்தான் காரணம். அவை இருந்தால் நேராகக் கால்போஸ்கோபிக்கு (கருப்பைவாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் சோதனை) அனுப்பிவிடுவார்கள். மற்ற வகை என்றால் செல்களையும் பார்க்க வேண்டும். அதற்கு நாமே எடுத்த ஸ்வாப் உதவாது; கருப்பைவாயிலிருந்து டாக்டர்தான் எடுக்க வேண்டும். ஆக, ஏலாது என்ற கட்டிலில் அக்கா ஏறவேண்டியதாயிற்று. செல்கள் சரியாக இருந்தன. 12 மாதம் கழித்து மறுபடி டெஸ்ட். இப்படியும் ஆகலாம் என்று ஸ்வாப் கொடுக்கும்போதே சொல்லியிருக்கலாம்.

உறவின்போது பரவும் வைரஸ் என்பதால், அப்புறம் அவர் கணவரைப் பற்றி மெதுவாகக் கேட்டது, “இது இவரிட்ட இருந்து வந்ததோ?” யாரிடமிருந்து, எப்போது வந்தது என்று எந்த டெஸ்டும் சொல்லாது. வருடக்கணக்கில் உள்ளே அடங்கிக் கிடந்திருக்கலாம். வீட்டில் சண்டைக்கு இதை ஆதாரமாக எடுக்க முடியாது என்று டாக்டரே சொல்லிவிட்டார், நல்லவேளை.

நான் திண்டுக்கல்காரி. 2000களின் தொடக்கத்தில் எங்கள் மாவட்டத்தில், கருப்பைவாயில் அசெட்டிக் அமிலம் தடவி வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று பார்க்கும் பெரிய ஆய்வு நடந்தது. அந்தப் புற்றுநோயால் வரும் சாவு 35 சதவீதம் குறைந்தது என்று 2007இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. திட்டு தெரிந்தவர்களை அலையவிடாமல், தேவைப்பட்டவர்களுக்கு அன்றைக்கே நர்ஸ்களே சிகிச்சையும் கொடுத்தார்கள். மெல்பர்ன் கிளினிக்கின் வெள்ளிக்கிழமை எஸ்.எம்.எஸ். பற்றி எனக்கு இவ்வளவு கோபம் வருவது அதனால்தான்.

மற்றபடி, அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் இருந்தால் டெஸ்டுக்குக் காசு இல்லை. டாக்டரைப் பார்க்கும் கட்டணம் தனியாக வரலாம். பல்க் பில்லிங் (கட்டணத்தை நம்மிடம் வாங்காமல் மெடிகேரிடமே வாங்குவது) உண்டா என்று போனிலேயே கேளுங்கள். சின்ன வயதில் எச்.பி.வி. தடுப்பூசி போட்டவர்களும் போகத்தான் வேண்டும். உறவுக்குப் பின்னாலோ மாதவிடாய் நின்ற பிறகோ ரத்தம் படுகிறது என்றால் இந்த ஸ்வாப் உங்களுக்கானது இல்லை. வரும் வாரமே டாக்டரிடம் காட்டுங்கள். முடிவை வெள்ளிக்கிழமை அனுப்பாதீர்கள் என்றும் ரிசப்ஷனில் சொல்லிவையுங்கள்.