யானை லத்திக் கொப்பி: பென்சிலுக்கு மட்டும்

கொழும்பு காலி வீதியில், வெள்ளவத்தைப் பக்கமுள்ள பரிசுப்பொருள் கடையொன்றில் யானை லத்தித் தாளில் செய்த கொப்பி வாங்கினேன். உள்ளங்கை அளவு, 80 பக்கம், 1,450 ரூபாய். அலுவலகத்தில் ஓய்வு பெறும் ஒருவருக்காக வாங்கியது. விரித்துப் பார்த்ததும் கொடுக்க மனம் வரவில்லை. அவருக்குப் பேனை போதும்.

எல்லோரும் கேட்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்: நாறாது. லத்தியைக் கழுவி, மணிக்கணக்கில் அவித்து, கூழாக்கி, சல்லடையில் ஊற்றிக் காயவைக்கிறார்கள். மூக்கோடு ஒட்டிப் பிடித்தால் லேசாக வைக்கோல் வாசம். யானை ஒரு நாளைக்கு 150 கிலோ வரை தின்னும், அதில் பாதிகூடச் செரிக்காது. அந்த மிச்ச நார்தான் தாள். 17ஆம் பக்கத்தில் புல் நார் ஒன்று அரை விரல் நீளத்துக்குக் கிடந்தது. நகத்தால் நெம்பினேன், பக்கம் கிழிந்துவிட்டது. அது என் பிழை.

மைப்பேனை வேண்டவே வேண்டாம். மை ஊறிப் பரவி, நான் எழுதிய 'பருப்பு' எனக்கே விளங்கவில்லை. குமிழ்முனைப் பேனை நாரில் தடக்கும். பென்சில் என்றால் அருமை. என் மகள் பாதிக் கொப்பியை வரைந்தே முடித்துவிட்டாள்.

அட்டைதான் எனக்குப் பிடிக்கவில்லை. நீண்ட தந்தத்தோடு ஒரு கொம்பன். இலங்கையின் ஆண் யானைகளில் நூற்றுக்குப் பத்துக்குக்கூடத் தந்தம் கிடையாது. மட்டக்களப்பு படுவான்கரையில் என் மாமாவின் வயலுக்கு இரவில் வருவது தந்தமில்லாத அலியன்தான். பரணில் யானை வெடியோடு அவர் விழித்திருந்த இரவுகளுக்குக் கணக்கில்லை. கொப்பியை அவரிடம் காட்டினேன். விலையைக் கேட்டுவிட்டு, "எங்கட வேலியடியில சும்மா கிடக்கு புள்ள, வந்து அள்ளச் சொல்லு" என்றார்.

அப்புறம் அந்த வேலியடிக்கே கூட்டிப்போய்ப் பழைய லத்தியில் முளைத்திருந்த விளாங்கன்றைக் காட்டினார். யானை உண்ட விளாங்கனி ஓடு உடையாமல் உள்ளே வெறுமையாய் வெளியே வரும் என்பார்களே, அது கதை. விதைதான் வரும், மழைக்கு முளைக்கும். காடு நடுவதும் யானைதான், வேளாண்மையை மிதிப்பதும் அதுதான்.

பின்னட்டையில் 'இந்தக் கொப்பி யானைகளைக் காக்கிறது' என்று ஒட்டியிருக்கிறார்கள். எப்படி என்று கடையில் கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. இந்நாட்டில் யானை நடமாடும் நிலத்தில் ஏறக்குறைய 70 சதவீதத்தில் மனிதரும் குடியிருக்கிறார்கள். 2023இல் மட்டும் 400க்கும் அதிகமான யானைகளும், யானை தாக்கி 150க்கும் அதிகமான மனிதரும் இறந்தார்கள். யானைகளைக் கொல்பவை துப்பாக்கி, திருட்டு மின்கம்பி, தீனிக்குள் மறைத்துவைக்கும் ஹக்கபட்டாஸ் என்ற வாய்வெடி, ரயில். 2025 பெப்ரவரியில் ஹபரணைக்கு அருகே 6 யானைகளை மோதிக் கொன்றது நான் ஊருக்குப் போய்வரும் அதே மட்டக்களப்பு ரயில். இதெல்லாம் தெரிந்தவளுக்கு அந்த ஒட்டுத்தாள் எரிச்சலூட்டும். என் காசில் எவ்வளவு எந்த ஊர் வேலிக்குப் போகிறது என்று ஒரு வரி போட்டிருக்கலாம்.

தாள் நல்லதுதான், ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். வாங்குகிறவர்கள் படமில்லாத வெறும் அட்டைக் கொப்பியைக் கேளுங்கள், 200 ரூபாய் குறைவு. கண்ணாடி அலுமாரியில் வைக்கமாட்டார்கள், காசாளர் மேசைக்குக் கீழே பெட்டியில் கிடக்கும்.