டேலியா: கட்டிங்கா, கிழங்கா, விதையா? நம்ம செட்டிநாட்டு வெயிலுக்கு எது சரி

காரைக்குடி, தேவகோட்டை பக்கம் டேலியா வைக்கிறவங்க மொதல்ல ஒன்னு புரிஞ்சுக்கணும், இது மெக்சிகோ மலைச்செடி, ஊட்டி கொடைக்கானல்ல சாதாரணமா வரும், நமக்கு ஐப்பசி மழையிலேருந்து மாசி வரைக்கும்தான் டைம். அதுக்குள்ள கட்டிங் (அதாவது நுனித்தண்ட வெட்டி நடுறது), கிழங்கு, விதை இந்த மூணுல எது வேலைக்காகும்னு பாக்கணும்.

விதை சீப். ஒன்னு ரெண்டு வாரத்துல முளைச்சிரும். ஆனா புடிச்ச பூவோட விதைய போட்டு அதே பூவ எதிர்பாக்காதீங்க, டேலியாவுல குரோமோசோம் (குணத்தக் கடத்துற மரபு இழை) எட்டு செட் இருக்கு, பிள்ளைச்செடி எந்தக் கலர்ல வரும்னு சொல்லவே முடியாது. பாத்தி நெறைய கலர் கலரா இருந்தா போதும்னா விதை போடுங்க.

கிழங்குல பூ மாறாது. ஆனா வெறும் கிழங்கு முளைக்காது, கழுத்துல முளை வர்ற கண்ணு இருக்கணும், வெட்டுற ஒவ்வொரு துண்டுலயும் பழைய தண்டோட அடி கொஞ்சம் ஒட்டி வரணும். அதைவிடப் பெரிய தொல்லை சித்திரை வெயில்தான், எடுத்து வெளிய வச்சா சுருங்கிருது, தொட்டியிலயே விட்டு தண்ணி ஊத்துனா அழுகிருது.

என் ஓட்டு கட்டிங்குக்குத்தான். செடி புதர் கட்டணும்னா நுனிய எப்படியும் கிள்ளணும்ல, கிள்ளுறத தூக்கிப் போடாம நட்டா அது இன்னொரு செடி, பூவும் அச்சு அசலா தாய்ச்செடி பூவேதான். நர்சரில மொட்டு வராத சின்னச் செடியா பாத்து வாங்குங்க. மூணு இஞ்ச் நுனி, கணுவுக்குக் கீழ சுத்தமான பிளேடால வெட்டு, வெட்டுன இடத்துல தண்டு உள்ள ஓட்டையா இருந்தா அது வேணாம், அழுகிரும். கீழ் இலைய எடுத்துட்டு, கழுவுன மணலும் கோகோபீட்டும் (தேங்காய் நார்த்தூள்) பாதிப்பாதி கலந்து அதுல நடுங்க, நம்ம செம்மண்ண மட்டும் போட்டா காஞ்சதும் கல்லா இறுகிரும், வேர் எறங்காது. வேர் சீக்கிரம் வர வைக்கிற ரூட்டிங் பவுடர் இருந்தா நல்லது, இல்லாட்டியும் வரும். பாட்டில் தண்ணில போட்டு வைக்கிற முறைய மட்டும் நான் சொல்லவே மாட்டேன், நம்ம சூட்டுக்குத் தண்டு சீக்கிரம் கொழகொழன்னு ஆயிரும்.

வைக்கிற எடத்துக்கு நமக்குக் கவலையே இல்ல. நம்ம வீட்டு உள்முத்தத்தச் சுத்தி இருக்குற வளவுத் தாழ்வாரம் இதுக்குன்னே கட்டுன மாதிரி, வெளிச்சம் உண்டு, நேர் வெயிலும் மழையும் கிடையாது. ரெண்டு மூணு வாரத்துல வேர் புடிச்சிரும்.

ஒன்னு மட்டும் கவனிங்க. டேலியா பகல் குறைஞ்சா கிழங்கு கட்டப் பாக்கும், வளர்ச்சி நின்னுபோகும், மார்கழில நமக்குப் பகல் கிட்டத்தட்ட 11½ மணி நேரம்தான். அதனால சாயந்தரம் ரெண்டு மூணு மணி நேரம் கட்டிங் மேல ஒரு எல்இடி பல்பு எரியட்டும். செடி திரண்டு நாலஞ்சு ஜோடி இலை வந்ததும் பல்ப நிறுத்திட்டு வெயிலுக்கு மாத்திருங்க, மொட்டு தானா வரும்.