‘கண்டறியப்படவில்லை’ என்ற அறிக்கையைக் காட்டி ஏமாற்றுகிறார்கள், கவனம்

எச்ஐவியோடு வாழ்பவர்களும் அவர்கள் வீட்டில் இருப்பவர்களும் இதைத் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள்.

நான் பதினொரு ஆண்டுகளாக பாசிட்டிவ். அதில் ஏழு ஆண்டுகள் வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் இருக்கும் வைரஸின் அளவு, ஒருமுறைகூட ஏறியதில்லை. புதிதாக வருபவர்களுக்கு மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்று சொல்லிக்கொடுத்தவள் நான். அப்படிப்பட்ட நானே மூன்று மாதம் மாத்திரையை நிறுத்தினேன்.

தெரிந்தவர் ஒருவர், முழுசாகக் குணப்படுத்துகிறார்கள் என்று ஒரு எண் கொடுத்தார். போனேன். வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் மேசைமேல் ஐந்தாறு ஆய்வக அறிக்கைகளை வரிசையாகப் பரப்பினார். பெயர் இருக்கும் இடத்தை விரலால் மறைத்துக்கொண்டார். எல்லாவற்றிலும் வைரல் லோடு ‘கண்டறியப்படவில்லை’. “இவங்க எல்லாரும் உங்களை மாதிரி வந்தவங்கதான்” என்றார். அந்த ரத்தம் எடுத்த நாளில் அவர்கள் எச்ஐவியைக் கட்டுக்குள் வைக்கும் ஏ.ஆர்.டி மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்களா? இந்த ஒரு கேள்வியை அன்று நான் கேட்கவில்லை.

முதல் இரண்டு மாதம் ‘மாத்திரையோடு சேர்த்து’ ஒரு பொடி. பழைய அறிக்கை எதுவும் வேண்டாம், புதிதாக எடுப்போம் என்றார். எடுத்தோம். ‘கண்டறியப்படவில்லை’ என்று வந்தது. ஏழு வருடமாக வருவதுதான் வந்தது. ஆனால் அவர் எழுந்து நின்று இரண்டு கையாலும் என் கையைப் பிடித்து, “இனிமே நீங்க நோயாளி இல்லைம்மா” என்றபோது அழுதுவிட்டேன். அவர் என் அறிக்கையைப் படம் எடுத்துக்கொண்டார். மாத்திரை ஈரலைக் கெடுக்கும், நிறுத்திவிடுங்கள் என்றார்.

எல்லாம் தெரிந்தும் ஏன் நம்பினாய் என்று கேட்பீர்கள். பதினொரு வருடம் தினமும் இரவு ஒன்பதரைக்கு அலாரம். மாத்திரையை வைட்டமின் டப்பாவுக்கு மாற்றி, லேபிளைக் கிழித்து, வெளியூர் போனால் டப்பா குலுங்காமல் இருக்கப் பஞ்சு வைத்து எடுத்துப் போவேன். அந்த அலாரத்தை அழித்த இரவு எனக்கு எவ்வளவு லேசாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் போகும் சிகிச்சை மையத்தில் மாத்திரை ஒழுங்காகக் கிடைக்கும், ஆனால் ஐந்து நிமிடத்துக்கு மேல் யாரும் பேசியதில்லை. இந்த ஆள் ஒரு மணி நேரம் உட்காரவைத்துக் கேட்டார். எங்கே கேட்க ஆள் இல்லையோ அங்கே இவர்கள் நுழைகிறார்கள். மையம் நடத்துபவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

ஆறாவது வாரம் காய்ச்சல், கழுத்தில் நெறிகட்டியது. “கழிவு வெளியேறுது” என்றார். பன்னிரண்டாவது வாரம் வாயெல்லாம் புண். அதற்குமேல் தாங்காமல் மையத்துக்குப் போனேன். வைரல் லோடு 86,000. நோய் எதிர்ப்பு செல்களான சிடி4-இன் எண்ணிக்கை 640-இலிருந்து 410-க்கு இறங்கியிருந்தது.

திட்டுவார்கள் என்று பயந்தேன். செவிலியர் திட்டவில்லை. ஒரு தாளில் வட்டம் போட்டு விளக்கினார். ‘கண்டறியப்படவில்லை’ என்றால், ரத்தத்தில் இருக்கும் வைரஸ் கருவி எண்ணக்கூடிய அளவுக்குக் கீழே இருக்கிறது என்று மட்டும்தான் பொருள். சில செல்களுக்குள் வைரஸ் உறங்கிக் கிடக்கும். மருந்தால் அதைத் தொட முடியாது, எழுந்து பெருகாமல் தடுக்க மட்டுமே முடியும். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் ரத்தத்துக்கு வந்துவிடும். உலகத்தில் குணமானவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். முதலாமவரான திமோத்தி ரே பிரவுனுக்கு ரத்தப் புற்றுநோய்க்காக 2007-ல் பெர்லினில் ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை செய்தார்கள். எந்தப் பொடியும் யாரையும் குணப்படுத்தியதில்லை.

அந்தப் பொடியில் சுண்ணாம்புச் சத்தும் இரும்பும் சேர்ந்திருப்பதாக டப்பாவிலேயே எழுதியிருந்தது. நான் சாப்பிடும் ஏ.ஆர்.டி மருந்தான டோலுடெக்ராவிரை அவை உடம்பில் முழுதாகச் சேரவிடா. அதனால்தான் சத்து மாத்திரைக்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போ இதைச் சாப்பிடச் சொல்கிறார்கள். நானோ இரண்டு மாதம் இரண்டையும் ஒரே தண்ணீரில் விழுங்கியிருக்கிறேன். மருந்து அரைகுறையாகச் சேர்ந்தால் வைரஸ் அதற்கு எதிர்ப்பு பெறும் ஆபத்து உண்டு. நான் தப்பினேன். அதே மாத்திரையைத் திரும்பத் தொடங்கி மூன்று மாதத்தில் பழையபடி கட்டுக்குள் வந்தது.

ஆனால் இடையில் நடந்ததுதான் என்னை இன்னும் தூங்கவிடுவதில்லை. என் கணவர் நெகட்டிவ். வைரல் லோடு 200-க்குக் கீழே இருந்தால் உடலுறவில் துணைக்குத் தொற்றாது. 2016-ல் வெளியான பார்ட்னர் ஆய்வில், ஒருவர் பாசிட்டிவ், மற்றவர் நெகட்டிவ் என்றிருந்த 888 ஜோடிகள், ஏறத்தாழ 58,000 முறை ஆணுறை இல்லாத உறவு. துணையிடமிருந்து ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை. அந்த நம்பிக்கையில் வாழ்ந்தவர்கள் நாங்கள். மாத்திரையை நிறுத்தியதும் அந்தப் பாதுகாப்பு போய்விட்டது, அவருக்கு அது தெரியவும் இல்லை. தொற்றைத் தடுக்கும் 28 நாள் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். அந்தக் கெடு தாண்டியிருந்தது. உடனே ஒரு பரிசோதனை, 45 நாள் கழித்து இன்னொன்று. அந்த 45 நாளும் அவர் என்னிடம் ஒரே ஒரு தடவைதான் கேட்டார்: “நிறுத்துறதுக்கு முன்னாடி என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?”

இரண்டுமே நெகட்டிவ்.

சேமிப்பு போனது. புகார் கொடுத்திருக்கிறேன், அந்த அறை இப்போது பூட்டிக் கிடக்கிறது, எண் மாறிவிட்டது. வேறு ஓரிடத்தில் திறப்பார்கள். நிறுத்திவிட்டுப் பயந்து உட்கார்ந்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், நாளைக்கே மையத்துக்குப் போங்கள். என்ன சாப்பிட்டீர்களோ அந்த டப்பாவையும் எடுத்துப் போங்கள்.

அவர்கள் படம் எடுத்த என் அறிக்கையைத் திரும்ப வாங்க முடியவில்லை. பெயரை விரலால் மறைத்து, குணமான ஒருத்தி என்று உங்களுக்கும் அதைக் காட்டக்கூடும். அந்த ரத்தம் கொடுத்த அன்றைக்கு முந்தின இரவும் ஒன்பதரைக்கு நான் மாத்திரை சாப்பிட்டிருந்தேன்.