மறுதலித்தவர் திரும்பி வந்தபோது: நோவாசியனின் தீர்ப்பும் சிப்பிரியானின் இரக்கமும்

கி.பி. 250இல் உரோமைப் பேரரசன் தேசியுஸின் ஆணைப்படி, தெய்வங்களுக்குப் பலியிட்டதற்கான சான்றிதழை மக்கள் பெறவேண்டியிருந்தது. எகிப்தில் கிடைத்த பப்பைரஸ் சான்றிதழ் ஒன்று, வலது புருவத்தில் தழும்புள்ள 72 வயது முதியவர் ஒருவர் அதிகாரிகள் முன்னிலையில் பலியிட்டு, பலிப்பொருளையும் சுவைத்தார் என்கிறது. கிறிஸ்தவர்களில் பலர் பலியிட்டார்கள். சிலர் பலியிடாமலேயே பணம் கொடுத்துச் சான்றிதழ் வாங்கினார்கள். மறுத்தவர்களில் சிலர் சிறையிலும் சித்திரவதையிலும் மாண்டார்கள். துன்புறுத்தல் தணிந்தபின், தவறியவர்கள் கண்ணீரோடு திருச்சபையின் வாசலுக்கு வந்தார்கள்.

உரோமையின் குருவும் ஆழ்ந்த கல்விமானுமான நோவாசியன், அவர்களைக் கடவுளின் தீர்ப்புக்கு விட்டுவிடலாமேயன்றித் திருச்சபை மன்னிக்க முடியாது என்றார். தம்மை மறுதலிப்பவரைத் தாமும் மறுதலிப்பதாக ஆண்டவர் இயேசுவே எச்சரித்திருப்பதால், இதை வெறும் கல்நெஞ்சம் என்று தள்ளிவிடுவது நியாயமல்ல. தந்தையைச் சிறையில் பறிகொடுத்த மகன், தூபம் காட்டியவரின் பக்கத்தில் நின்று நற்கருணை வாங்குவது எளிதா? ஆனால் மும்முறை மறுதலித்த பேதுருவிடமே தம் ஆடுகளை ஒப்படைத்தவரும் அதே ஆண்டவர்தான் என்பதற்கு அந்த நிலைப்பாட்டில் இடமே இல்லை.

வட ஆப்பிரிக்காவிலுள்ள கார்த்தேஜின் ஆயர் சிப்பிரியான் ஒவ்வொருவருக்கும் நேர்ந்தது என்ன என்று கேட்டார். தானாக ஓடிச்சென்று பலியிட்டவனும், நெடுநேரம் போராடிக் கடைசியில் தளர்ந்தவனும், மனைவி மக்களைக் காப்பாற்றத் தான் ஒருவனே பலிபீடத்துக்குப் போனவனும் ஒன்றல்ல என்று எழுதினார். 251இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்களின் சங்கம், சான்றிதழ் மட்டும் வாங்கியவர்களை விசாரித்துச் சேர்த்துக்கொள்ளவும், பலியிட்டவர்கள் நீண்ட தவம் செய்து மரணத் தறுவாயிலேனும் திருச்சபையோடு சமாதானம் பெறவும் வழிசெய்தது.

இதைச் சலுகை என்பவர்கள், சிப்பிரியான் எதிர்த்த மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். விசுவாசத்துக்காகச் சிறைப்பட்டவர்களிடமிருந்து, 'இன்னாரை அவர் வீட்டாரோடு ஏற்றுக்கொள்க' என்ற கடிதங்கள் தாராளமாகக் கிடைத்துவந்தன. வீட்டார் என்பது ஐவரா, ஐம்பதின்மரா, அவர்கள் மனம் வருந்தினார்களா என்று கேட்பார் இல்லை. என் பார்வையில், எல்லாரையும் விலக்கியவரும் எல்லாரையும் விசாரியாமல் சேர்த்தவரும் ஒன்றில் ஒத்துப்போனார்கள்: வந்து நின்ற மனிதனின் கதையை இருவருமே கேட்கவில்லை. பொறுமையோடு உட்கார்ந்து கேட்கும் பாரத்தை இரக்கமே சுமந்தது; அதனால்தான் அதை நான் தேர்ந்துகொள்கிறேன்.

அடுத்த துன்புறுத்தல் நெருங்கியபோது, தவம் செய்துவந்த அனைவரையும் உடனே சேர்த்துக்கொள்ள ஆப்பிரிக்க ஆயர்கள் முடிவெடுத்தார்கள். நற்கருணை இல்லாமல் அவர்களைப் போராட்டத்துக்கு அனுப்பக்கூடாது என்பதே காரணம். நோவாசியனைப் பின்பற்றியவர்களோ 'தூயோர்' என்ற பெயரோடு தனிச்சபையாக நீடித்தார்கள். அவர்களுடைய குருக்கள் திரும்பி வந்தால் குருத்துவத்திலேயே ஏற்கப்படலாம் என்று 325இல் நிசேயா பொதுச்சங்கம் விதித்தது. துன்புறுத்தலில் தவறி, பின் தவம் செய்தவர்களோடு ஐக்கியம் கொள்வதாக அவர்கள் எழுதித் தரவேண்டும் என்றும் அதே விதி கேட்டது.