முதல் டார்கெட் ரைஃபிள்: ஸ்கோப்பா, பீப் சைட்டா? தில்லியில் வாங்குபவர்களுக்கு ஓர் அலசல்

மயூர் விஹாரிலிருந்தோ துவாரகாவிலிருந்தோ யாராவது போன் செய்து, "அண்ணா, பையன் ஷூட்டிங் கத்துக்கணும்னு நிக்கிறான். குறைந்த பட்ஜெட்டில் நல்ல ரைஃபிளும் ஸ்கோப்பும் சொல்லுங்க" என்று கேட்டால், நான் பதிலுக்கு ஒன்றுதான் கேட்பேன்: எங்கே சுடப் போகிறான்? பத்து மீட்டர் ஹாலிலா, ஊருக்கு வெளியே யாரோ ஒருவரின் பண்ணை நிலத்திலா? இதற்குப் பதில் தெரியாமல் துப்பாக்கி வாங்கினால், முதலில் வீணாவது, தொலைநோக்கி போல டார்கெட்டைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப்புக்குக் கொடுத்த காசு.

சட்டத்தை முதலில் பார்த்துவிடலாம். 4.5 மி.மீ. குழாய், அதாவது 0.177 அங்குலம், வெளியேறும் சக்தி 20 ஜூலுக்குள் இருந்தால் அந்த ஏர் ரைஃபிளுக்கு ஆயுத உரிமம் வேண்டாம். அதற்கு மேல் போனாலும், 0.22 தோட்டா ரைஃபிள் என்றாலும் உரிமம் கட்டாயம். முதல் ரைஃபிளுக்கு அந்தப் பக்கமே போக வேண்டியதில்லை. ஒலிம்பிக்கில் சுடும் பத்து மீட்டர் ரைஃபிளின் சக்தியே சுமார் ஏழரை ஜூல்தான். அரை கிராமுக்குச் சற்று மேலான ஈயப் பெல்லட் (ஏர் ரைஃபிளின் குண்டு), வினாடிக்கு 170 மீட்டர் வேகம், அவ்வளவுதான். 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது இந்த வகைத் துப்பாக்கியில். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பையில் தங்கம் வென்றதும் இதே பிரிவில். ஆகவே கடையில் "இது ரொம்ப பவர் சார்" என்று ஒன்றை எடுத்து நீட்டினால், டார்கெட் சுடுபவருக்கு அந்தப் பவரால் எந்த லாபமும் இல்லை.

தில்லியில் குறைந்த பட்ஜெட்காரர் முன்னால் நிஜமாக இருப்பவை மூன்று வழிகள். ஒன்று, பேரலை மடக்கிச் சுடும் ஸ்பிரிங் ரைஃபிள், மேலே ஒரு ஸ்கோப். இரண்டு, அழுத்தக் காற்றில் இயங்கும் இந்தியத் தயாரிப்பு பி.சி.பி. ரைஃபிள், அதற்கும் ஒரு ஸ்கோப். மூன்று, யாரோ ஒரு ஷூட்டர் பயன்படுத்திவிட்டு விற்கும் பழைய மேட்ச் ரைஃபிள், அதாவது போட்டிக்கென்றே செய்தது, சிறு ஓட்டை வழியே குறிபார்க்கும் பீப் சைட்டுடன். விலை கடைக்குக் கடை மாறும். ஆனாலும் தோராயமாக, முதலாவது பத்தாயிரத்தை ஒட்டித் தொடங்கும், இரண்டாவது ஐம்பதாயிரத்தைச் சுற்றி நிற்கும். மூன்றாவது புதிதாக என்றால் இரண்டு லட்சத்தைத் தாண்டிவிடும், பழையது அதில் பாதிக்கும் கீழே கிடைப்பதுண்டு.

ஸ்பிரிங் ரைஃபிள்

இதன் நல்ல குணத்தை முதலில் சொல்கிறேன். காற்று நிரப்ப வேண்டாம், பம்பு வேண்டாம், சிலிண்டர் வேண்டாம். ஒரு முறை மடக்கினால் ஒரு ஷாட். பத்து வருடம் பரணில் கிடந்தாலும் எடுத்து எண்ணெய் போட்டுச் சுடலாம்.

கஷ்டம் அதன் இயக்கத்திலேயே இருக்கிறது. டிரிகரை இழுத்ததும் உள்ளே இருக்கும் கனமான பிஸ்டன் முன்னால் பாய்கிறது, அதனால் ரைஃபிள் பின்னால் உதைக்கிறது. பிஸ்டன் எதிரே அடைபட்ட காற்றில் மோதி நின்றதும் ரைஃபிள் முன்னால் குதிக்கிறது. இந்தக் கலவரத்தின் நடுவில்தான் பெல்லட் பேரலை விட்டு வெளியே வருகிறது. அதனால் பிடி கொஞ்சம் மாறினாலும் பெல்லட் வேறு இடத்தில் விழும். இறுக்கிப் பிடித்தால் ஓர் இடம், உள்ளங்கையில் தளர்வாக உட்கார வைத்தால் இன்னோர் இடம். தளர்வாக, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி பிடிக்கப் பழகியவர்கள் இதிலும் நன்றாகச் சுடுகிறார்கள். ஆனால் புதிதாக வருபவருக்குத் தவறு தன்னுடையதா துப்பாக்கியுடையதா என்று தெரியாது. கற்றுக்கொள்ளும் காலத்தில் இதைவிடப் பெரிய தடை இல்லை என்பது என் கருத்து.

ஸ்பிரிங்குக்குப் பதில் கேஸ் ராம் (வாயு அடைத்த உருளை) வைத்த மாடல்களும் இருக்கின்றன. மும்பை பக்கத்து அம்பர்நாத்தில் இருந்து வரும் பிரிசிஹோல் கம்பெனி இவற்றைச் செய்கிறது. அதிர்வு குறையும், உதை போகாது.

இன்னொன்று, ஸ்பிரிங் ரைஃபிளைப் பெல்லட் இல்லாமல் சுடக்கூடாது. எதிர்க்காற்று இல்லாமல் பிஸ்டன் நேராக முனையில் போய் இடித்து, நாளடைவில் சீல் போய்விடும். இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனால் தில்லி ஃபிளாட்டில் வாழ்பவருக்கு இதுதான் பெரிய விஷயம். மூன்றாவது வழியைப் பேசும்போது சொல்கிறேன்.

ஸ்கோப் இல்லாமல், கூடவே வரும் ஓபன் சைட்டை (கண்ணாடி இல்லாத சாதாரணக் குறிமுனையை) வைத்தே சுட்டால் ஸ்பிரிங் ரைஃபிளுக்கு ஒரு மரியாதையான இடம் உண்டு. நம் நாட்டில் மாநில அளவுப் போட்டிகளில் ஓபன் சைட் ஏர் ரைஃபிள் என்று தனிப் பிரிவே வைக்கிறார்கள். செலவு குறைவு, நேரே போட்டி அனுபவம்.

இந்திய பி.சி.பி.

200 பார் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) வரை அழுத்தப்பட்ட காற்று சிலிண்டரில் இருக்கும், டிரிகரை இழுத்ததும் வால்வு ஒரு கணம் திறந்து மூடும். பிஸ்டன் இல்லை, குதிப்பு இல்லை. ஸ்பிரிங்கில் திணறியவர் இதை எடுத்ததும் பெல்லட்கள் விழும் பரப்பு பாதியாகச் சுருங்குவதைப் பார்ப்பார், சந்தோஷமாக இருக்கும்.

பார்க்க வேண்டியது ரெகுலேட்டர், அதாவது ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரே அழுத்தத்தில் காற்றை விடும் பாகம். அது இல்லாத ரைஃபிளில் சிலிண்டர் அழுத்தம் மாற மாற வேகமும் மாறும். பத்து மீட்டர் போவதற்குள் 170 மீட்டர் வேகப் பெல்லட் சுமார் 17 மி.மீ. கீழிறங்குகிறது, 160 ஆகக் குறைந்தால் 19 மி.மீ. வித்தியாசம் இரண்டு மி.மீ. சொச்சம். பத்து மீட்டர் டார்கெட்டில் ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரமே 2.5 மி.மீ. தான். அதாவது நீங்கள் எந்தத் தப்பும் செய்யாமலே கிட்டத்தட்ட ஒரு வளையம் போய்விடும். 25 மீட்டர், 50 மீட்டர் என்று தூரம் கூடினால் இது பல மடங்காகும். ரெகுலேட்டர் உள்ள மாடலுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு வீண் இல்லை.

அப்புறம் காற்று. கைப்பம்பில் 200 பார் ஏற்றுவது நல்ல உடற்பயிற்சி, பள்ளிப் பிள்ளையால் ஆகாது. தில்லியில் ஜூலை, ஆகஸ்ட் மாத ஈரக் காற்றைப் பம்பு அடித்தால் தண்ணீரும் சேர்ந்து உள்ளே போகும். ஈரம் வடிகட்டும் ஃபில்டர் இல்லாத பம்பு வாங்காதீர்கள். ரேஞ்சில் சேர்ந்தால் அங்கேயே பெரிய சிலிண்டரிலிருந்து நிரப்பிக்கொள்ளலாம், அதுதான் நல்லது.

ஸ்கோப்: எங்கே பணம் போகிறது

ஸ்கோப் வாங்குபவர்கள் பெரிதாக்கும் எண்ணைத்தான் பார்க்கிறார்கள். 6-24 என்றால் 3-9ஐ விட நல்லது என்று நினைப்பு. பத்து மீட்டரில் 24 மடங்கு பெரிதாக்கினால் உங்கள் நாடித் துடிப்பு திரையில் ஆடும், பயந்து அவசரமாக டிரிகரை இழுப்பீர்கள். 4-12 தாராளம்.

உண்மையில் பார்க்க வேண்டியது பாராலாக்ஸ், அதாவது குறுக்குக்கோடும் டார்கெட்டும் எந்தத் தூரத்தில் சரியாகப் பொருந்தும் என்பது. பெரிய துப்பாக்கிகளுக்குச் செய்த மலிவு ஸ்கோப்புகளில் இது 100 கஜத்துக்கு நிரந்தரமாக அமைக்கப்பட்டிருக்கும். அதைப் பத்து மீட்டரில் பயன்படுத்தினால் முதலில் படம் மங்கும். அதைவிட மோசம், கண் ஸ்கோப்பின் நடுவை விட்டு நகர்ந்தால் குறுக்குக்கோடு டார்கெட்டின் மேல் நகரும். 40 மி.மீ. முன்கண்ணாடி உள்ள ஸ்கோப்பில், கண் ஓரத்துக்குப் போனால் பத்து மீட்டரில் அதிகபட்சப் பிழை சுமார் 18 மி.மீ. வரும். வளையக் கணக்கில் ஏழு வளையம்! கன்னத்தை ஒவ்வொரு முறையும் அச்சு மாறாமல் வைத்தால் இது குறையும். ஆனால் அந்தப் பழக்கமே வராதவர்தானே முதல் ரைஃபிள் வாங்குகிறார்.

முன்பக்கமோ பக்கவாட்டிலோ திருகி 10 கஜம் வரை இறக்கக்கூடிய ஸ்கோப் மட்டுமே வாங்குங்கள். ஹாக் போன்ற கம்பெனிகள் ஏர் ரைஃபிளுக்கென்றே செய்பவை இப்படி வருகின்றன. ஸ்பிரிங் ரைஃபிளில் பொருத்துவதாக இருந்தால் அந்த இரட்டை உதையைத் தாங்கும் என்று கம்பெனியே சொல்லியிருக்க வேண்டும். பின்னால் மட்டும் உதைக்கும் துப்பாக்கிக்குச் செய்த ஸ்கோப்பின் உள்ளே முன்குதிப்பால் கண்ணாடி தளர்ந்துவிடும். ஸ்கோப்பை ரைஃபிளோடு பிணைக்கும் மவுண்டும் ஒரே துண்டாக, நழுவாமல் தடுக்கும் சிறு முளை வைத்ததாக இருக்கட்டும். ரைஃபிள் விலையில் பாதியாவது ஸ்கோப்புக்கும் மவுண்டுக்கும் போகும் என்று மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகு ஒரு விஷயம்: சர்வதேசப் பத்து மீட்டர் போட்டியில் ஸ்கோப்புக்கு அனுமதியே இல்லை.

பழைய மேட்ச் ரைஃபிள்

இங்கேதான் என் மனம் சாய்கிறது, மறைக்கவில்லை.

ஃபைன்வெர்க்பாவ், வால்தர், ஆன்ஷுட்ஸ், ஸ்டெய்ர் என்று பெயர்கள் வரும். பத்துப் பதினைந்து வருடம் பழையது என்றாலும் பேரல் தேய்ந்திருக்காது. மென்மையான ஈயப் பெல்லட் குறைந்த வேகத்தில் போகிறது, தேய என்ன இருக்கிறது? டிரிகர் நூறு கிராம் அளவுக்கு இறங்கும். சாதாரண ஸ்பிரிங் ரைஃபிளில் ஒரு கிலோவுக்கு மேல் இழுக்க வேண்டும், இழுக்கும்போதே முனை நகரும். கன்னப்பகுதி, தோள்பட்டைத் தகடு இரண்டையும் உடம்புக்கு ஏற்ப நகர்த்தலாம். வளரும் பிள்ளைக்கு இது முக்கியம்.

பீப் சைட் எளிமையான பொருள். பின்னால் ஒரு மி.மீ. அளவு ஓட்டை, முன்னால் ஒரு வளையம், அதன் நடுவே டார்கெட்டின் கறுப்பு வட்டம். வட்டத்துக்குள் வட்டம் உட்காருவதைக் கண் தானாகவே சரிசெய்துகொள்ளும். ஓட்டை சிறிதாக இருப்பதால் முன்வளையமும் டார்கெட்டும் ஓரளவு சேர்ந்தே தெளியும், நாற்பது தாண்டிய கண்ணுக்கும் ஒத்துழைக்கும். பேட்டரி இல்லை, பாராலாக்ஸ் தலைவலி இல்லை.

இப்போது அந்த ஃபிளாட் விஷயம். மேட்ச் ரைஃபிள்களில் பெரும்பாலும் டிரை ஃபயர் வசதி உண்டு: காற்றும் பெல்லட்டும் இல்லாமல் டிரிகரை மட்டும் இயக்கலாம். ஆர்.கே. புரம் குவார்ட்டர்ஸின் ஹாலில், சுவரில் சின்னதாக வரைந்த ஒரு கறுப்பு வட்டத்தை எதிரே வைத்து, தினமும் அரைமணி நேரம் நின்று பழகலாம். டிரிகர் விழும் கணத்தில் முன்வளையம் அசைந்ததா இல்லையா என்பது அப்படியே தெரியும். சத்தம் இல்லை, பக்கத்து வீட்டாருக்குத் தொல்லை இல்லை, செலவும் இல்லை. 500 மேட்ச் பெல்லட் உள்ள டப்பா, நாளுக்கு 80 சுட்டால் ஒரு வாரம் வராது. நடுத்தர வர்க்கக் குடும்பத்துக்கு டிரை ஃபயர் எவ்வளவு பெரிய உதவி என்பதை இந்தக் கணக்கு சொல்லிவிடும். இருந்தாலும் துப்பாக்கி காலியா என்று ஒவ்வொரு முறையும் திறந்து பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும், பெல்லட் டப்பா வேறு அறையில் இருக்க வேண்டும்.

பலவீனங்களும் உண்டு. 50 மீட்டரில் காற்று அடித்தால் இந்த மெதுவான பெல்லட் அலையும். இதில் போடும் தட்டை முகப் பெல்லட் அந்தத் தூரத்துக்குச் செய்ததே இல்லை. பண்ணை நிலத்தில் மேஜை போட்டு, ஸ்கோப்பில் பார்த்து 30, 40 மீட்டரில் காகிதம் சுடுவதுதான் உங்களுக்குப் பிடித்தது என்றால், ரெகுலேட்டர் உள்ள பி.சி.பி.யும் நல்ல ஸ்கோப்புமே சரி. அதுவும் முழுமையான ஒரு பொழுதுபோக்குதான், குறைத்துச் சொல்ல மாட்டேன். தோட்டத்தில் வரும் புறாவையும் குரங்கையும் சுடுவதற்காக என்றால் என்னிடம் ஆலோசனை கேட்க வேண்டாம்.

எனவே யாருக்கு எது

பிள்ளை போட்டிக்குப் போகும் ஆசையில் இருந்தால், முதல் சில மாதங்கள் துப்பாக்கி எதுவும் வாங்காதீர்கள். 1982 ஆசிய விளையாட்டுக்காகக் கட்டிய துக்ளகாபாத் கர்ணி சிங் ரேஞ்ச் இருக்கிறது, நகருக்குள் தனியார் பத்து மீட்டர் ஹால்களும் இருக்கின்றன. ரேஞ்ச் துப்பாக்கியில் சுடட்டும். வலது கையா இடது கையா, எந்தக் கண் ஆளும் கண், எவ்வளவு எடை தாங்குகிறான் என்பது அப்போதுதான் கோச்சுக்கே தெரியும். இடது கைப் பிள்ளைக்கு வலது கை ஸ்டாக் (தோளில் வைக்கும் கட்டை) உள்ளதை வாங்கிக் கொடுத்தால் இரண்டாவது முறை செலவு செய்ய வேண்டிவரும். அந்த மாதங்களில் கையில் இருக்கும் பணத்தில் ஒரு பகுதியை நல்ல ஷூட்டிங் ஜாக்கெட்டுக்குக் கொடுங்கள். நின்று சுடும்போது முதுகைத் தாங்குவது அதுதான். அதற்குப் பிறகு பழைய மேட்ச் ரைஃபிள்.

பத்தாயிரம்தான் கையில் இருக்கிறது, சும்மா பழக வேண்டும் என்றால் ஸ்பிரிங் ரைஃபிள் போதும். ஸ்கோப்பை விட்டுவிட்டு மீதியில் நல்ல பெல்லட் இரண்டு மூன்று வகை வாங்குங்கள். எந்தப் பெல்லட் அந்தப் பேரலுக்குப் பிடிக்கிறது என்று தேடுவதில் கிடைக்கும் முன்னேற்றம் மலிவு ஸ்கோப்பில் கிடைக்காது.

பழையது வாங்கப் போகும்போது முதலில் சிலிண்டரைப் பாருங்கள். அதன் மேல் தயாரித்த தேதி பொறித்திருக்கும். ஜெர்மன் கம்பெனிகள் சிலிண்டருக்குப் பத்து வருடம் என்று கெடு வைத்திருக்கின்றன. கெடு முடிந்த சிலிண்டரைப் போட்டியில் பயன்படுத்த முடியாது, 200 பார் காற்றைத் தோளருகே வைத்துக்கொள்வதும் நல்லதில்லை. புது சிலிண்டரின் விலையை முதலில் விசாரித்து, கேட்கும் தொகையிலிருந்து கழித்துப் பேசுங்கள். நிரப்பிய அழுத்தத்தைக் குறித்துக்கொண்டு மறுநாள் மானோமீட்டரை (அழுத்தம் காட்டும் முள்ளை) மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். இறங்கியிருந்தால் சீல் கசிகிறது. பீப் சைட்டின் குமிழ்களை இரண்டு பக்கமும் திருப்பி ஒவ்வொரு கிளிக்கும் கேட்கிறதா என்று பாருங்கள். முதலில் வாங்கியவரின் பில்லையும், உங்கள் பெயருக்கு விற்றதாக எழுதிய கடிதத்தையும் கையோடு வாங்கி, ரைஃபிள் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். ரேஞ்சுக்குப் போகும் வழியில் போலீஸ் நிறுத்தினால் அங்கேயே எடுத்துக் காட்டலாம்.