மேடைப் பேச்சுக்கு ஷூர் எஸ்எம்57: தாழ்ந்த குரலைக் காப்பாற்றும் மைக்

இசைக்காரர்கள் டிரம்முக்கும் கிட்டார் ஆம்ப்புக்கும் வைக்கிற மைக் இது. லிண்டன் ஜான்சன் காலம் தொட்டு அமெரிக்க அதிபர்களின் பேச்சு மேடையில் ஜோடியாக நிற்பதும் இதுதான். 1965இல் வந்த மாடல். நம் ஊர்ப் பொதுக்கூட்டத்துக்கும் நன்றாகவே பொருந்தும், பொருத்துகிறவருக்கு விவரம் தெரிந்திருந்தால்.

உச்சக்குரலை எந்த மைக்கும் எடுத்துவிடும். நல்ல பேச்சாளர் கூட்டத்தைக் கட்டிப்போடுவது குரலைத் தாழ்த்தும்போதும், பேசாமல் நிற்கும்போதும். 2015 ஜூன் 26 அன்று அமெரிக்காவின் சார்லஸ்டனில் நடந்த இரங்கல் கூட்டத்தில் ஒபாமா பத்து விநாடிக்கும் மேல் மௌனமாக நின்றார். பிறகு மெல்லப் பாடத் தொடங்கினார். அந்த நேரத்தில் ஸ்பீக்கர் சத்தம் திரும்பப் புகுந்து மைக் ஒருமுறை கூவினாலும் எல்லாம் பாழ். எனவே மேடை மைக்கை வாங்குமுன், ஆள் பேசாதபோது அதில் என்ன கேட்கிறது என்று பாருங்கள்.

இந்தச் சோதனையில் எஸ்எம்57 தேறுகிறது. முன்பக்கச் சத்தத்தை வாங்கி, நேர் பின்பக்கச் சத்தத்தைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடும். அதனால் மேடை மானிட்டரை, அதாவது பேச்சாளர் தன் குரலைக் கேட்க வைக்கிற ஸ்பீக்கரை, மைக்கின் வாலுக்கு நேரே வையுங்கள். மைக்கின் முன்பக்கம் வைத்தால் கூவத்தான் செய்யும். வாயிலிருந்து ஒரு சாண் தூரம், மோவாய்க்குக் கீழே, வாயைப் பார்த்துச் சாய்ந்த கோணம். முகமும் மறையாது, மூச்சும் மைக்கில் நேராக அடிக்காது. தூரம் இரட்டித்தால் குரல் 6 டெசிபல் இறங்கும். ஆபரேட்டர் ஒலியை ஏற்றுவார், மைக் கூவும். பாதிக் கூட்டங்களில் நடப்பது இதுதான்.

தலைவர் ரகசியம் சொல்வதுபோலக் குனிந்து நெருங்கினால் அடிக்குரல் தடித்து, சொல் குழம்பும். மிக்ஸரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அடிச்சத்தத்தை வெட்டிவிடுங்கள். தமிழ் 'ப'வில் ஆங்கில 'பி' அளவுக்குக் காற்று வெடிக்காது, அது நமக்கு ஒரு வசதி. ஆனாலும் ஆவேசத்தில் அடிக்கும். ஷூரின் இன்னொரு மைக்கான எஸ்எம்58இல் இருப்பதுபோலப் பந்துவலை இதில் கிடையாது. ஏ2டபிள்யூஎஸ் என்ற காற்றுக்காப்பை மாட்டாமல் மேடை ஏற்றவே கூடாது.

ஜோடியாக வைத்தால் ஒன்று மட்டும் ஓடட்டும், மற்றது அவசரத்துக்கு. இரண்டையும் திறந்துவைத்து, ஒரு வயரின் மூன்று ஊசிப் பிளக்கில் 2, 3 ஊசிகள் இடம் மாறியும் இருந்தால் குரல் மெலிந்து சல்லடையாகிவிடும். ஜெனரேட்டர் மின்சாரத்தில் இரைச்சல் வந்தால் மைக்கைக் குறை சொல்லாதீர்கள். ஒரு முனையில் ஜாக் போட்ட நீள வயரைக் கழற்றிவிட்டு, இருபக்கமும் எக்ஸ்எல்ஆர் என்ற அந்த மூன்று ஊசிப் பிளக் உள்ள வயரைப் போடுங்கள். இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்த வேண்டும் என்பதால் தலைவர் 9.40க்கு வந்தால் சரிபார்க்க நேரமே இருக்காது. இதையெல்லாம் மாலையிலேயே முடித்துவிட வேண்டும்.

நடந்துகொண்டே பேசுகிறவருக்கு இது உதவாது. வலமும் இடமும் முகத்தைத் திருப்புகிறவரின் சொற்களும் மங்கும். கையில் பிடித்துப் பேச எஸ்எம்58 போதும். கூம்பு ஸ்பீக்கர் மட்டும் கட்டுகிற தெருமுனைக் கூட்டத்துக்கு இவ்வளவு செலவு வேண்டாம். கூம்பு அடிக்குரலைக் கடத்தாது, மைக்கின் நயம் அங்கே காணாமல் போகும்.

சந்தையில் போலிகள் அதிகம். அசல் 284 கிராம் இருக்கும். கடையிலேயே தராசில் வைத்துப் பாருங்கள்.