கொழும்புக் கரையில் ராஸ் மீன்: வாடைக்காலமா, ஐப்பசியா, சோழகமா?

கல்லோரத்தில் வாழும் ராஸ் (wrasse) குடும்ப மீனுக்கு எந்த மாதத்தில் தூண்டில் போடலாம் என்று தேடினால் கையில் கிடைக்கும் வழிகாட்டிகளில் பெரும்பாலானவை பிரித்தானியக் கடலை வைத்து எழுதப்பட்டவை. மே மாதம் தொடங்கி ஒக்டோபர் வரை நல்ல காலம் என்று அவை சொல்லும். அதை நம்பி ஜூன் மாதத்தில் கொழும்புக்குத் தெற்கே தெஹிவளையின் கரையோரக் கல்லில் போய் நின்றால், அலைக்குத் தப்பிக் கரையேறுவதே பெரும்பாடாகிவிடும். எங்கள் கரைக்கு அந்த நாட்காட்டி ஏறக்குறைய தலைகீழ்.

காரணம் எளிது. அங்கே கல்லோரத்தில் பிடிபடும் பெரிய இனம் பாலன் ராஸ். குளிர்காலத்தில் அது ஆழத்துக்கு ஒதுங்கி, இரை எடுப்பதையும் குறைத்துவிடும். வசந்தத்தில் நீர் சூடேறத் தொடங்கியதும் கரைக்கு வரும். ஆண் மீன் கடற்பாசியால் கூடு கட்டி முட்டைகளைக் காவல் காக்கும். அதனால் அங்குள்ளவர்கள் வெப்பமானியைப் பார்த்து மாதத்தை முடிவு செய்கிறார்கள். கொழும்புக் கடலில் ஆண்டு முழுவதும் நீர் 27 முதல் 30 பாகை செல்சியஸ் வரைதான் ஏறி இறங்கும். இங்குள்ள ராஸ் இனங்கள் கூடு கட்டுவதில்லை. முட்டையை நீரோட்டத்தில் விட்டுவிடும். குளிருக்குப் பயந்து அவை எங்கும் போவதுமில்லை, ஆண்டு முழுக்க அதே கல்லில்தான் இருக்கும். மாறுவது காற்றும் அலையும் கலங்கலும். மீன் எப்போது வரும் என்பதல்ல கேள்வி. அது இருக்கும் இடத்துக்கு எங்கள் இரை எப்போது ஒழுங்காகப் போய்ச் சேரும் என்பதே.

வற்று, பெருக்கு பற்றியும் ஒரு வார்த்தை. பிரித்தானியாவின் பிரிஸ்டல் கால்வாய்ப் பக்கம் நீர்மட்டம் 12 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். அங்கே வற்றுப்பெருக்கு அட்டவணை இல்லாமல் கல்லில் இறங்கக்கூடாது. கொழும்பில் பறுவத்திலும் அமாவாசையிலும்கூட ஒரு மீட்டரை எட்டாது. பெருக்கு நேரம் நல்லதுதான், ஆனால் அதற்காக நாளை மாற்ற வேண்டியதில்லை.

இனி மூன்று காலங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை, அதாவது வாடைக்காலமும் அதையடுத்த அமைதியும். வடகிழக்கிலிருந்து வரும் வாடை நாட்டைக் கடந்துதான் கொழும்புக்கு வருகிறது. அதனால் திருகோணமலைப் பக்கம் கடல் கொந்தளிக்கும் நாட்களிலும் வெள்ளவத்தையில் கடல் படிந்து கிடக்கும். ஜனவரியும் பெப்ரவரியும் கொழும்பின் மிகக் குறைந்த மழை மாதங்கள். கால்வாய்களிலிருந்து சேறு வருவதும் குறைவு. வெயில் ஏறிய பிறகு கல்லின் மேல் நின்று பார்த்தால் கீழே பச்சை உடம்பு அசைவது கண்ணுக்கே தெரியும். பிறைவால் ராஸைக் கண்டுபிடிப்பது சுலபம். மார்புத் துடுப்பில் ஊதா கலந்த இளஞ்சிவப்பு, வால் நடுவில் மஞ்சள். வாலை ஆட்டாமல், குருவி சிறகடிப்பதுபோல் மார்புத் துடுப்பை மட்டும் அடித்து நீந்தும். ராஸ் கண்ணால் பார்த்து இரை தேடும் மீன். தெளிந்த நீர் எங்களுக்கு எவ்வளவு உதவியோ, அதற்கும் அவ்வளவு உதவி.

இந்த ஐந்து மாதங்களும் ஒன்றுபோல் இல்லை. மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் பின்நேரத்தில் இடி மின்னல் வரும். உயரமான தடியோடு திறந்த கல்லில் நிற்க அது நேரமில்லை. சித்திரை விடுமுறையில் கல்கிசைக் கரை முழுக்கக் குளிப்பவர்கள் நிறைந்துவிடுவார்கள். என்னைக் கேட்டால், ஜனவரி நடுப்பகுதியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரைதான் உச்சம்.

அடுத்தது ஒக்டோபர், நவம்பர். தென்மேற்குக் காற்றான சோழகம் ஓய்ந்து வாடை எழும்பாத ஐப்பசி இடைவெளி. காற்றை மட்டும் பார்த்தால் இதுவும் முதல் காலத்துக்குச் சளைத்ததல்ல. காலை வேளைகளில் கடல் அருமையாக இருக்கும். ஆனால் கொழும்பில் மழை கொட்டும் மாதங்களும் இவைதான். களனி கங்கை பழுப்பு நிறத்தில் கடலுக்குள் இறங்கும். வெள்ளவத்தைக் கால்வாயும் தெஹிவளைக் கால்வாயும் நகரத்து அழுக்கையெல்லாம் சுமந்து வரும். நன்னீரும் சேறும் கலந்த இடத்தில் ராஸ் குழிக்குள் அடங்கிவிடும். இரை அதன் மூக்குக்கு நேரே போனாலும் தெரியாது. அதனால் இந்த மாதங்களில் நாள் பார்ப்பதைவிட இடம் பார்ப்பது முக்கியம். கால்வாய் வாய்களிலிருந்து விலகி, கல்கிசைப் பக்கம் தெற்கே போங்கள். மழை விட்டு ஓரிரண்டு நாள் கழித்து, கல்லடியில் மணல் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் தடியை விரிக்கவே வேண்டாம். வருடக் கடைசியில்தான் லீவு கிடைக்கும் என்பவர்களுக்கு இந்த இடைவெளி போதும். தேர்ந்தெடுக்க முடிந்தவர்கள் தைப்பொங்கல் வரை காத்திருக்கலாம்.

மே முதல் செப்டெம்பர் வரை சோழகம். இதை நான் ராஸுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். ஜூலை, ஆகஸ்டில் மழை குறைகிறதே என்று சிலர் வாதாடுவார்கள்; மழை குறைந்தாலும் காற்று குறைவதில்லை. ஈயம் ஓரிடத்தில் நிற்காது, தங்கூசி (தூண்டில் நைலோன் இழை) முருகைக்கல்லில் உரசி அறுந்துபோகும். அலை மோதும் விளிம்பிலேயே வாழப் பழகிய ராஸ் இனங்களும் உண்டு என்பது உண்மை. ஆனால் அந்த விளிம்பில் நாங்கள் நிற்க முடியாது: பாசி பிடித்த கல், முன்னால் அலை, பின்னால் ரயில் பாதை. இந்த மாதங்களில் கலங்கலை விரும்பும் மீனைத் தேடி முகத்துவாரம் பக்கம் போவதே புத்தி. கொடுவாவுக்கு ஆற்றுவாய் நல்ல இடம்.

மாதத்தைவிட நேரத்தில்தான் எங்கள் ஆட்கள் அதிகம் தவறுகிறார்கள். விடிய முன்னம் போ, இருட்டின பிறகு போடு என்பது பாரைக்கும் சீலாவுக்கும் பொருந்தும். ராஸ் பகல் மீன். பொழுது சாய்ந்தால் சில இனங்கள் மணலுக்குள் புதைந்து தூங்கும், சில கல் இடுக்கில் படுக்கும். இரவு முழுக்க இறாலைத் தொங்கவிட்டாலும் வேறு ஏதாவது வரும், ராஸ் வராது. காலை ஏழரைக்கும் பத்தரைக்கும் இடைப்பட்ட நேரம் தான் என் தெரிவு. வெயில் கல்லடிவரை இறங்கியிருக்கும். நிலத்துக் காற்று கடலைத் தட்டையாக்கி வைத்திருக்கும். பதினொரு மணியளவில் கடற்காற்று எழும்பினால் மேற்பரப்பு குலைந்துவிடும். பின்நேரம் நாலு மணிக்குப் போகலாமா என்றால், போகலாம், ஆனால் காலையின் பாதிகூடத் தேறாது.

தூண்டில் முள் சிறிதாக இருக்கட்டும். பெரிய முள்ளில் பெரிய இறாலைக் கோத்தால் ராஸ் ஓரத்திலிருந்து பிய்த்துத் தின்றுவிட்டுப் போகும். வாய் சிறிது, முன்பற்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், தொண்டைக்குள் இன்னொரு சோடி தாடை வைத்து நண்டு, சிப்பி ஓடுகளை நொறுக்கும். நகம் அளவு இறால் துண்டு, அல்லது சிறு நண்டின் பாதி. முதலில் டக் டக்கென்று தட்டும், அதற்கு இழுக்கக்கூடாது. தங்கூசி ஒரு பக்கமாக நகரும்போது தூக்க வேண்டும், தூக்கிய கையோடு மேலே கொண்டுவர வேண்டும். ஒரு நொடி தளர்த்தினால் குழிக்குள் போய்விடும்.

எதை வீட்டுக்குக் கொண்டுபோவது என்பதில் மட்டும் எனக்குப் பிடிவாதம் உண்டு. இந்தக் குடும்பத்தில் பல இனங்கள் பெண்ணாகத் தொடங்கிப் பிறகு ஆணாகும். நிறம் பளிச்சென்று, உடம்பு பெரிதாக இருப்பது பெரும்பாலும் அந்தக் கல்லின் ஆண். மற்ற மீன்களின் உடம்பைச் சுத்தம் செய்யும் சிறு ராஸில் இதைத் தெளிவாகக் கண்டிருக்கிறார்கள்: ஆணை எடுத்துவிட்டால் மூத்த பெண் சில மணி நேரத்திலேயே ஆணைப்போல் நடக்கத் தொடங்கும், இரண்டு இரண்டரை வாரத்தில் முழு ஆணாகிவிடும். கல் வெறுமையாகாது என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் பெரியதையே எடுத்துக்கொண்டிருந்தால், வரவர ஆணாவது சிறிய மீன்களாகவே இருக்கும். ஒரே கல்லை நம்பி வாழும் மீனுக்கு அது பெரிய அடி. மிகப் பெரிதாக வளரும் நெப்போலியன் ராஸ் 2005 முதல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் (CITES) ஒப்பந்தத்தின் இரண்டாம் பின்னிணைப்பில் இருக்கிறது. எங்காவது அது மாட்டினால் யோசனையே வேண்டாம், விட்டுவிடுங்கள்.

சொதிக்கு நடுத்தர அளவில் இரண்டு மூன்று போதும், சதையும் மென்மை. மற்றதை விடும்போது கையை நனைத்துக்கொண்டு பிடியுங்கள், முள்ளை நீண்ட மூக்குக் குறட்டால் கழற்றுங்கள், பிடித்த கல்லின் பக்கத்திலேயே நீருக்குள் விடுங்கள். தூரத்தில் வீசினால் தன் குழியைத் தேடிப் போகும் வழியிலேயே பாரைக்கு இரையாகிவிடும்.